ஒன்பது வளைவும் ஒரு குட்டித் தூக்கமும்

"இந்தக் காரை வித்துடலாம்" என்று அம்மணி சொன்னபோது நம்மவர் வாயில் ரொட்டி இருந்தது. மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, காதில் விழாத மாதிரி எழுந்து போய்விடலாம் என்று அவசரமாக ஒரு திட்டம் போட்டார். அதற்குள் அவர் மனைவியான அம்மணி நாற்காலியை இழுத்து வழியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காதுல விழுந்துச்சா?"

"என்னமோ கார்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"கார்தான். வித்துட்டு, கியர் இல்லாத காரா ஒண்ணு வாங்கலாம். என் கழுத்து இனிமே தாங்காது."

கழுத்து விஷயத்தில் அம்மணி பக்கம் நியாயம் இருந்தது. அவர்கள் வீடு குன்றின் மேலே. கடைகள், அவருடைய ஆபீஸ், அவளுடைய அக்கா வீடு எல்லாம் கீழே ஊருக்குள். நடுவில் ஒன்பது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும். நம்மவரும் இறங்குவார். ஆனால் அவர் இறங்கும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி ஒரு வெட்டு வெட்டும். உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஆமாம்" என்று தலையாட்டுவார்கள். ஒன்பது வளைவுக்கு ஒன்பது ஆமாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், நாலாவது வளைவில், அம்மணி கம்மல் போட்டுக்கொண்டிருந்தாள். காதுக்குப் போக வேண்டிய கம்மல் கன்னத்தில் குத்தியது. கழுத்து வேறு பிடித்துக்கொண்டது. அக்கா வீட்டில் யார் கூப்பிட்டாலும், பீரோவைத் திருப்புகிற மாதிரி முழு உடம்பையும் திருப்பித்தான் அவளால் பார்க்க முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மவர் உத்தியோகம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போவார். லிஃப்டின் தரையில் ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைப்பார். ஏழு மாடி ஏறி இறங்கியும் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் கையெழுத்துப் போட மாட்டார். கட்டடத்துக்காரர் காலைப் பிடித்தாலும் மாட்டார். அந்த டம்ளருக்கு நகரத்தில் பெரிய மரியாதை.

"ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் குலுங்கல் இல்லைன்னு கையெழுத்துப் போடறீங்க. நம்ம காருக்கு யாருங்க போடறது?"

"லிஃப்ட் நேரா போற சாமான். ரோடு அப்படியா?"

"ரோடு வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போகட்டும். கார் ஏன் விக்குது?"

"விக்குதுங்கறதுக்காக விக்கறதா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நம்மவருக்கு ரோஷம் வந்தது. பதினாலு வருஷமாக அவர் ஓட்டும் கார். கியர்க் கம்பியின் குமிழ் அவர் உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது. ஆபீசில் மேலதிகாரி, வீட்டில் அம்மணி என்று எங்கும் மற்றவர் சொல்வதைக் கேட்டே பழகியவர் அவர். அவர் சொல்வதைக் கேட்கிற ஒரே ஜீவன் அந்தக் கார்தான். அது விக்கிக்கொண்டே கேட்கும். ஆனால் கேட்கும்.

"கியர் இல்லாத காரை ஓட்டறதுக்குப் பேரு ஓட்டறது இல்ல. சும்மா உக்காந்திருக்கறது" என்றார்.

"உக்காந்திருக்கறதுல உங்களை மிஞ்ச யாரு இருக்கா? உங்களுக்கு நல்லா வரும்."

நம்மவர் எழுந்து நின்றார். ரொட்டித் துணுக்குகள் சட்டையிலிருந்து உதிர்ந்தன. "ஒரே ஒரு மாசம் டயம் குடு. கியர் எப்ப மாறினதுன்னு உனக்கே தெரியாத அளவுக்கு ஓட்டிக் காட்டறேன். அப்படி ஓட்டிட்டா கார் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது."

"தெரியுதா தெரியலையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"என் டம்ளரை வெச்சுப் பாக்கலாம்."

"டம்ளருக்குக் கழுத்தா இருக்கு?" அம்மணி தாடையில் விரல் வைத்து யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்த மாதிரி இல்லை. "மத்தியானம் சாப்பிட்டா எனக்குக் கண்ணைச் சொக்கும் இல்லையா? அந்த நேரத்துல காரை எடுங்க. நான் பக்கத்து சீட்டுல தூங்கறேன். ஒம்பது வளைவையும் தாண்டி அக்கா வீட்டு வாசல்ல போய் நிக்கற வரைக்கும் நான் முழிச்சுக்கலேன்னா, கார் நம்மகிட்டயே இருக்கட்டும். நடுவுல முழிச்சுக்கிட்டேன்னா, கியர் இல்லாத கார்."

"பேச்சு மாறக் கூடாது."

"நான் மாற மாட்டேன்."

சொன்ன பிறகுதான் நம்மவருக்கு உறைத்தது. அம்மணியின் தூக்கம் அவருக்குத் தெரியாதா? இரண்டு அறை தள்ளி பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் "ஒண்ணு போதும்" என்று குரல் வருகிற தூக்கம் அது.

மேல்வீட்டில் குடியிருந்தவர் பஸ் டிரைவர். அந்தக் குடும்பத்துக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரு கேக் உறவு உண்டு. அம்மணி வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவள். பிறந்தநாள், கல்யாண வரவேற்பு என்று ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பெரிய கேக்குகள் போகும். ஒன்றின்மேல் ஒன்றாக மூணடுக்கு. அதைக் காரின் பின்சீட்டில் வைத்து, பக்கத்தில் அம்மணி உட்கார்ந்து, அடிப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஓட்ட இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் மேல்வீட்டு பஸ் டிரைவர். ஞாயிறு அவருக்கு லீவு. கார் நம்மவருடையது, கை அவருடையது.

ஆரம்பத்தில் நம்மவர்தான் ஓட்டினார். ஒரே ஒரு தடவை. அந்தக் கேக் வீட்டிலிருந்து மூணடுக்காகக் கிளம்பியது. மூன்றாவது வளைவில் மேலடுக்கு நடு அடுக்கின் மடியில் உட்கார்ந்தது. ஐந்தாவது வளைவில் இரண்டும் சேர்ந்து கீழடுக்கின் மேல் சாய்ந்தன. மண்டபத்தில் இறக்கும்போது கல்யாணப் பெண் அதைப் பார்த்து, "நாங்க மாடி வீடு கேட்டிருந்தோம்" என்றாள். அன்றோடு அம்மணி அவரைக் கேக் பக்கமே சேர்ப்பதில்லை.

நம்மவர் அப்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். தொங்கப்போட வேண்டிய முகம், போட்டார். உள்ளுக்குள் பரம சுகம். அன்றிலிருந்து ஞாயிறு காலை பத்து மணி வரை போர்வைக்குள் அவர் ராஜ்ஜியம். ஆறு மணிக்கு வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்கும். திரும்பிப் படுத்துக்கொள்வார். வாரம் முழுக்க அவர் உயிரோடு இருப்பதே அந்த ஒரு திரும்பலுக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த பஸ் டிரைவரிடம்தான் இப்போது போய் நின்றார்.

"அண்ணே, கியர் கொறைக்கும்போது வண்டி ஏன் உலுக்குது?"

அவர் ஈரத் துண்டைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டே, "ஓடற பஸ்ல ஏறியிருக்கீங்களா சார்?" என்றார்.

"சின்ன வயசுல."

"எப்படி ஏறுவீங்க? நின்ன எடத்துலேர்ந்தே கம்பியைப் புடிப்பீங்களா?"

"அதெப்படி? தோள்பட்டை கழண்டுடும். பஸ் கூடவே நாலு அடி ஓடிட்டுத்தான் புடிக்கணும்."

"அவ்வளவுதான் சார் விஷயம். சக்கரம் ஓடற பஸ். என்ஜின் ஏறப் போற ஆளு. மூணுலேர்ந்து ரெண்டுக்கு வந்தா என்ஜின் முன்னைவிட வேகமா சுத்தியாகணும். நீங்க கிளட்சை மிதிச்சு, கியரைப் போட்டுட்டு, பட்டுனு விட்டுடறீங்க. என்ஜின் நின்ன எடத்துலேர்ந்தே கம்பியைப் புடிக்குது. அதான் உலுக்கல்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"என்ஜினை நாலு அடி ஓட விடுங்க. கிளட்ச் அமுங்கியிருக்கும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. என்ஜின் சத்தம் மேல ஏறும். அந்தச் சத்தம் எறங்கறதுக்குள்ள கிளட்சை விட்டுடுங்க. வேகமும் வேகமும் ஒண்ணா இருந்தா, ஏறினதே தெரியாது."

"ஒரு தட்டு. இதுதானா?"

"இதுதான். மிதி இல்ல சார். தட்டு." அவர் துண்டின் ஓரத்தை நிதானமாக நேர் செய்தார். "சீக்கிரம் கத்துக்குங்க. அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கும் ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டுட்டாங்க. லீவு இனிமே வெள்ளிக்கிழமை."

"அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு நம்மவர் படியிறங்கினார். தட்டு என்ற ஒரு சொல்தான் அவர் மண்டையில் இருந்தது. மற்றது எதுவும் ஏறவில்லை.

கேட்பதற்கு ஒரு தட்டு. செய்யப் போனால் மூன்று மிதிகளுக்கு இரண்டு கால்தான் இருக்கிறது என்பதைப் பதினாலு வருஷம் கழித்து அப்போதுதான் கண்டுபிடித்தார். கிளட்சை மிதித்தால் தட்ட மறந்தார். தட்டினால் கியரை மறந்தார். இரண்டும் நினைவிருந்தபோது வளைவை மறந்து, எதிரே பால் வண்டிக்காரர் சொன்ன சில வார்த்தைகளைக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு நாள் அதிகமாகத் தட்டியதில், வண்டி பின்னால் இழுப்பதற்குப் பதில் முன்னால் பாய்ந்தது. தலைகள் "ஆமாம்" போய், "என்னது?" என்று நிமிர்ந்தன. அதையே முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

கார் இல்லாத நேரத்திலும் கால் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தட்டினார். ஆபீஸ் கூட்டத்தில் தட்டினார். அவசரமாக எங்கோ போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து மேலதிகாரி கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார். லிஃப்டுக்குள் டம்ளரை வைத்துவிட்டு நினைவில்லாமல் தட்டியதில், நல்ல லிஃப்ட் ஒன்று சோதனையில் தோற்றுப் போகப் பார்த்தது.

அம்மணி எதையும் கண்டுகொள்ளாதவள் போலத்தான் இருந்தாள். ஆனால் அவர் வாசலில் காரை நிறுத்திவைத்துத் தட்டிப் பழகும்போது, சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"அது ஜாஸ்தி."

இன்னொரு தட்டு.

"இது கம்மி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாரா வாரம் மேல்வீட்டு அண்ணன் தட்டறதைக் கேட்டுக்கிட்டேதானே பின்னாடி உக்காந்திருக்கேன்? க்ரீம் அடிக்கற மெஷினும் இப்படித்தான். வேகத்தைக் கூட்டறதும் கொறைக்கறதும் காதுக்குத் தெரியணும்."

இரண்டாவது வாரம் முட்டை வாங்கிவரச் சொன்னாள். கீழே ஊருக்குள் ஒரு கடையில், ஒரு தட்டுக்கு முப்பது முட்டை. "மூடி போட்டுத் தர மாட்டாங்க. அப்படியே பின்சீட்டுல வெச்சுக் கொண்டாந்துடுங்க."

நம்மவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஏற்றத்திலும் அதே ஒன்பது வளைவு, அதே மூன்று, அதே இரண்டு. அம்மணி பாவம், தன் வேலைக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவரோ அவளுக்கே தெரியாமல் அவள் முட்டையை வைத்து அவளைத் தோற்கடிக்கப் பழகுகிறார். இதற்குப் பெயர்தான் சாமர்த்தியம்.

முதல் நாள் பதினோரு முட்டை உடைந்தது. திட்டு விழும் என்று பயந்துகொண்டே தட்டை நீட்டினார். அம்மணி எண்ணிப் பார்த்து, "பரவாயில்லையே" என்று மட்டும் சொன்னாள். அடுத்த முறை ஆறு. அப்புறம் இரண்டு. ஒரு வியாழக்கிழமை முப்பது முட்டையும் முழுசாக வீடு வந்து சேர்ந்தன. அம்மணி தட்டை வாங்கிக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்வையில் பெருமை இருந்த மாதிரி இருந்தது. தோற்கப் போகிறவளுக்கு என்ன பெருமை என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் முட்டை போய், கஸ்டர்ட் வந்தது. பெரிய கிண்ணத்தில் விளிம்பு வரை கஸ்டர்ட். "ஆபீஸ் போற வழியில அக்கா வீட்டுல குடுத்துடுங்க."

"மூடி எங்க?"

"தேடிக்கிட்டே இருக்கேன். ஒரு மாசமா காணோம்."

மூடியில்லாத கஸ்டர்டோடு நம்மவர் குன்றிறங்கினார். முதல் நாள் கால்சட்டையில் கொஞ்சம். இரண்டாம் நாள் கால்மிதியில் கொஞ்சம். அக்கா ஒவ்வொரு நாளும் வாசலிலேயே நின்று கிண்ணத்தை வாங்கி, ஓரத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். கொடுத்தனுப்பியதற்கு அம்மணிக்கு நன்றி சொல்கிறாளாக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள் காலையில், மூன்றாவது வளைவுக்கும் நாலாவதுக்கும் நடுவே, அது வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. கிளட்ச் போனது. கை கியரை இழுத்தது. கால் தட்டியது. என்ஜின் "ம்" என்று ஒரு குரல் கொடுத்தது. கிளட்ச் மேலே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெட்டு இல்லை, இழுப்பு இல்லை, தலையாட்டல் இல்லை. கஸ்டர்ட் அசையவில்லை. கார் பாட்டுக்கு வளைந்து போனது. பதினாலு வருஷமாக இந்த வண்டி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததா, நான்தான் காது கொடுக்காமல் இருந்தேனா என்று நினைத்து, நம்மவர் ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கை ஒரு முறை தடவிக் கொடுத்தார். பால் வண்டிக்காரர் கடந்து போகும்போது பார்த்துவிட்டு, இந்த முறை ஒன்றும் சொல்லாமல் போனார்.

சோதனை நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அம்மணி வயிறாரச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொள் என்று நம்மவர் உபசரித்தார். தயிரையும் தாராளமாக ஊற்றினார். அம்மணி முன்சீட்டில் ஏறினாள், சீட்டைச் சாய்த்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டி ஏமாத்தக் கூடாது. எப்பவும் போற வேகம்."

"எப்பவும் போற வேகம்தான்."

"சரி. நான் தூங்கிட்டேன்" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். முதல் வளைவு வருவதற்குள் மூச்சு சீராகி, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

முதல் வளைவு. தட்டு. அவள் காதுக் கம்மலை ஓரக்கண்ணால் பார்த்தார். தொங்கட்டான் அது, அசைந்தால் தெரிந்துவிடும். அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. மூணடுக்கு கேக் சரிந்த மூன்றாவது. கம்மல் கன்னத்தில் குத்திய நாலாவது. ஐந்தாவது. அசையவில்லை.

ஆறாவது வளைவில் ஒரு நாய் சாவகாசமாகக் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து, அவசரமாக இரண்டுக்கு இறக்கியதில் கால் ஒரு இழை அதிகமாகத் தட்டிவிட்டது. என்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் குரல் கொடுத்தது. கார் மயிரிழை முன்னால் நகர்ந்தது. தொங்கட்டான் ஒரே ஒரு முறை ஆடி நின்றது. நம்மவர் திரும்பிப் பார்த்தார். அம்மணி கண் திறக்கவில்லை. ஒரு குறட்டைகூட விட்டாள். அந்த ஒரு தவறு தனக்கும் காருக்கும் நாய்க்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் முடிவு செய்தார்.

ஏழு, எட்டு, ஒன்பது. அக்கா வீட்டு வாசல். என்ஜினை அணைத்தார்.

ஜெயித்தாகிவிட்டது. உலுக்கி எழுப்பி, "பாத்தியா" என்று கேட்டிருக்கலாம். ஒரு மாதமாக அந்த ஒரு கேள்விக்குத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கை போகவில்லை. வெயில் அவள் முழங்கை மேல் விழுந்திருந்தது. வாரம் முழுக்க மாவும் க்ரீமும் அடித்த கை, விரல் நகத்தில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு காய்ந்திருந்தது. தன்னை நம்பி ஒருத்தி இப்படித் தூங்குகிறாள் என்பது அவருக்கு ரொம்ப நிறைவாக இருந்தது. எழுப்ப மனசில்லாமல் இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த இருபது நிமிஷத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் அந்தத் தெருவில் இல்லை.

அம்மணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். "வந்துட்டோமா?"

"வந்து இருபது நிமிஷமாச்சு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். அக்கா வீட்டுக் கதவைப் பார்த்தாள். "சரி. நீங்க ஜெயிச்சுட்டீங்க. கார் எங்கேயும் போகாது" என்றாள்.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் "நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்று அவள் சொல்லி நம்மவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க லிஃப்டுகளில் சீட்டியடித்துக்கொண்டே ஏறி இறங்கினார். வெள்ளிக்கிழமை சமையலறை அலமாரியில் கஸ்டர்ட் கிண்ணம் மூடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "கிடைச்சுடுச்சா?" என்று கேட்டார். "அது எங்க போகும்?" என்றாள் அம்மணி.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போர்வை விலகியது.

"எந்திரிங்க. முகத்தைக் கழுவிட்டு வாங்க. கேக் ரெடி."

"கேக்குக்கு மேல்வீட்டு அண்ணன் இருக்காரே."

"அவருக்கு இன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமை டூட்டி. உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

சொல்லியிருந்தார். ஈரத் துண்டை நேர் செய்துகொண்டே சொல்லியிருந்தார். நம்மவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். தூக்கம் கலைந்து மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு மாதம் தாமதமாக.

"நான் ஓட்டினா கேக் என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? மறந்துட்டியா, மாடி வீடு?"

"அது பழைய கதை. இப்ப ஒம்பது வளைவு, பக்கத்துல பொண்டாட்டி முழிச்சுக்காத ஓட்டு உங்களோடது."

"அது ஏதோ அன்னிக்கு ஒரு நாள் அமைஞ்சது. எனக்கு இன்னும் கை சரியா..."

"சரியா வரலையா?" அம்மணி போர்வையை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "வரலேன்னா இப்பவே சொல்லிடுங்க. காரை வித்துடலாம்."

நம்மவர் முகம் கழுவப் போனார்.

கேக் பின்சீட்டில் மூணடுக்காக, வெள்ளை வெளேரென்று ஏறி உட்கார்ந்தது. பக்கத்தில் அம்மணி, அடிப்பலகையில் இரண்டு கையும். வாசலில் பஸ் டிரைவர் சீருடை போட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் நம்மவர் முகத்தைப் பார்க்காமல், காரின் கூரையை மட்டும் இரண்டு தட்டு தட்டி வழியனுப்பினார்.

காலை வெயில் இதமாக இருந்தது. காருக்குள் வெனிலா வாசனை. முதல் வளைவும் இரண்டாவதும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயின. மூன்றாவதும் அப்படியே. தூக்கம் போனதே என்ற வயிற்றெரிச்சலையும் மீறி நம்மவருக்குக் கொஞ்சம் பெருமை வரத்தான் செய்தது. பின்னால் அம்மணி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

நாலாவது தாண்டியதும் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் தோத்திருந்தா?"

"தோத்திருந்தா கியர் இல்லாத கார் வந்திருக்கும். அதுல கேக் இன்னும் பத்திரமா போயிருக்கும்."

"யாரு ஓட்டியிருப்பா?"

"சும்மா உக்காந்திருக்கறதுதானே? நீங்கதான்."

அப்படியானால் தன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பறிபோனது அன்று ரொட்டி வாயில் இருந்தபோதே என்று நம்மவருக்குப் புரிந்தது. ஐந்தாவது வளைவையும் தட்டிக் கடந்தார். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. பந்தயம் பந்தயம்தான். அவள் தூங்கினாள், அவர் ஓட்டினார், ஜெயித்தார். அதை யாராலும் பிடுங்க முடியாது.

"என்னங்க" என்றாள் அம்மணி பின்சீட்டிலிருந்து. "அடுத்ததுல பாத்து. அன்னிக்கு அந்த நாய் வந்தப்ப ஒரு இழை அதிகமா தட்டிட்டீங்க."

நம்மவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். ஆறாவது வளைவு வந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு நீ தூங்கலையா?"

"தூங்கினேனே. அக்கா வீட்டு வாசல்ல வண்டி நின்னதுக்கப்புறம் இருபது நிமிஷம், நல்ல தூக்கம்."

அப்படியானால் பந்தயத்தில் தோற்றது நான்தான் என்று சொல்ல நம்மவர் வாயைத் திறந்தார். சொன்னால் கார் போய்விடும் என்பது நினைவு வந்ததும் மூடிக்கொண்டார். கிளட்சை மிதித்து, கியரை இறக்கி, ஒரு இழை குறைவாகத் தட்டினார். கேக் அசையவில்லை.

"இப்ப சரியா இருக்கு" என்றாள் அம்மணி. "வழியிலயே தூங்கியிருந்தா எப்படிங்க தெரியும், உங்களை நம்பிக் கேக்கைக் குடுக்கலாமா வேண்டாமான்னு?"